காலிக் பேசும் தீவுகளில் எட்டு நாள்

கேள்வி இதுதான்: ஜூன் மாதம் மனைவியோடும் பன்னிரண்டு வயது மகளோடும் ஸ்காட்லாந்து வருகிறீர்கள். எடின்பரோ முடிந்த பிறகு எட்டு நாள் கையில் இருக்கிறது. கேலிக் மொழி இன்னும் வீட்டிலும் கடையிலும் புழங்குகிற கடலோரம் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஸ்கை தீவோடு நிறுத்திக்கொள்ளலாமா, அதையும் தாண்டிப் போக வேண்டுமா? போனால் அந்த மொழி காதில் விழுமா?

தாண்டிப் போங்கள். மொழி காதில் விழும். ஆனால் நீங்கள் பக்கத்தில் போனால் நின்றுவிடும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன், உங்கள் பயணத்தையே அதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

முதலில் பெயர். 'கேலிக்' என்று நாம் எழுதுவது அயர்லாந்து மொழிக்குப் பொருந்துகிற உச்சரிப்பு. ஸ்காட்லாந்தில் 'காலிக்' என்றுதான் சொல்வார்கள். அங்கே போய்க் கேலிக் என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள், ஆனால் காலிக் என்று சொன்னால் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரியும். தமிழில் கேலி என்ற சொல்லோடு ஒட்டாமல் இருப்பதால் எனக்கும் இதுதான் வசதி. இரண்டும் அக்காள் தங்கை மொழிகள். ஒன்று தெரிந்தவருக்கு மற்றது பாதி புரியும், பாதி புரியாது.

நீங்கள் போக வேண்டியது வெளி ஹெப்ரிடீஸ். ஸ்காட்லாந்தின் வடமேற்கே, ஸ்கை தீவுக்கும் அப்பால், அட்லாண்டிக் கடலில் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாகக் கிடக்கிற தீவுகள். வடக்கிலிருந்து லூயிஸ், ஹாரிஸ், வட யூயிஸ்ட், பென்பெக்குலா, தென் யூயிஸ்ட், எரிஸ்கே, பாரா. லூயிஸும் ஹாரிஸும் தனித் தீவுகள் என்று பெயர், உண்மையில் ஒரே நிலம்தான், நடுவில் மலை. மொத்த மக்கள்தொகை சுமார் 26,000. நம் ஊரில் ஒரு பேரூராட்சி அளவு. 2011 கணக்கெடுப்பில் இவர்களில் 52 விழுக்காட்டினர் காலிக் பேசுவதாகச் சொன்னார்கள். 2022-இல் அது 45 ஆகிவிட்டது. அதே கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து முழுவதுமாகக் காலிக் ஓரளவாவது தெரிந்தவர்கள் சுமார் 1,30,000 பேர், முன்பைவிட அதிகம். நகரங்களில் கற்றுக்கொள்கிறவர்கள் பெருகுகிறார்கள், தாய்மொழியாகப் பேசும் ஊர்களில் குறைகிறது. இந்த முரண்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் பார்ப்பது பலவும் புரியும்.

ஸ்கை அழகில்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1995-இல் பாலம் வந்த பிறகு அது கார் ஓட்டி வந்து படம் எடுத்துப் போகிற தீவாகிவிட்டது. ஜூனில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பாடு. அங்கே மொழிக்கென்று பார்க்க வேண்டிய இடம் தெற்குக் கோடியில் இருக்கிறது: சவல் மோர் ஓஸ்டைக் என்ற கல்லூரி. 1973-இல் ஒரு பழைய பண்ணைக் கட்டடத்தில் தொடங்கியது, பெயருக்கே 'ஓஸ்டைக்கின் பெரிய களஞ்சியம்' என்றுதான் அர்த்தம். உயர்கல்வியை முழுக்கக் காலிக்கில் நடத்துகிறார்கள். திரும்பும் வழியில் அதற்கு ஓர் இரவு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வழி இப்படி: இன்வர்னஸில் கார் எடுத்து, ஒன்றரை மணி நேரம் ஓட்டி உல்லாப்பூல் துறைமுகம். அங்கிருந்து இரண்டே முக்கால் மணி நேரக் கப்பலில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே. லூயிஸில் மூன்று இரவு, ஹாரிஸில் இரண்டு, யூயிஸ்ட் பக்கம் இரண்டு. பிறகு வட யூயிஸ்டின் லாக்மேடியிலிருந்து கப்பலில் ஸ்கை. காருக்கான கப்பல் இடத்தை இப்போதே பதிவு செய்யுங்கள், கோடையில் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். காற்று அடித்தால் கப்பல் போகாது. என் இரண்டாவது பயணத்தில் ஒன்றரை நாள் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தேன், அதுவும் ஜூன் மாதம். எடின்பரோவிலிருந்து ஊருக்குக் கிளம்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் கப்பல் பயணத்தை வைக்காதீர்கள்.

சரி, மொழி. முதல் முறை போனபோது நான்கு நாளில் நான் கேட்ட காலிக், கப்பலில் ஒலிபெருக்கி அறிவிப்பும் கார் வானொலியும்தான். பெயர்ப்பலகைகளில் காலிக் பெரிதாக, ஆங்கிலம் சிறிதாக. ஆட்கள் எல்லாரும் ஆங்கிலத்தில். ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றியது. கடைசி நாள் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். கடைக்குள் நுழைவதற்கு முன் வாசலில் கொஞ்சம் நின்று பார் என்றார். நின்றேன். உள்ளே இரண்டு பேர் காலிக்கில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்ததும், ஒரு நொடி தயங்காமல், பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். மொழி தெரியாத ஒருவர் இருக்கும்போது அதில் பேசுவது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள்.

அதன் பின்னணி கொஞ்சம் கசப்பானது. 1872 கல்விச் சட்டம் எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்கு அழைத்தது, காலிக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பள்ளியில் காலிக் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். கழுத்தில் கட்டையைத் தொங்கவிட்டதும் உண்டு. அப்படிப் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே போதும் என்று நினைத்ததில் வியப்பில்லை. இன்று நிலைமை தலைகீழ். தீவு மன்றம் 2020-இல் முதல் வகுப்புச் சேர்க்கைக்குக் காலிக் வழியே இயல்பு என்று அறிவித்தது. ஆங்கில வழி வேண்டுமானால்தான் பெற்றோர் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 30 முதல் காலிக்குக்குச் சட்டப்படி அலுவல் மொழி நிலையும் கிடைத்திருக்கிறது. ஆனால் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஊர்ப் பேச்சுமொழியாக அது பத்து ஆண்டுகளுக்குள் கரைந்துபோகலாம் என்று எச்சரித்தது. பள்ளி முற்றத்தில் நின்று கேட்டால் தெரியும்: ஆசிரியரோடு காலிக், ஒருவருக்கொருவர் ஆங்கிலம்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, உங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காத இடங்களில் போய் உட்கார்வது. அப்படி மூன்று இடங்கள் சொல்கிறேன்.

ஒன்று, ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம். உங்கள் லூயிஸ் நாட்களில் ஒரு ஞாயிறு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பயண நூல்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை லூயிஸில் மாட்டிக்கொள்ளாதே என்கின்றன, நான் நேர்மாறாகச் சொல்கிறேன். லூயிஸும் ஹாரிஸும் பிரெஸ்பிடீரியன் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவின் ஊர்கள், அதிலும் ஃப்ரீ சர்ச் என்ற சபை. ஞாயிறு அன்று பேருந்து இல்லை, கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பலர் துணிகூடக் காயப்போடுவதில்லை. ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிற்றுக் கப்பல் ஓடத் தொடங்கியதே 2009 ஜூலையில்தான், அதற்கும் துறைமுகத்தில் எதிர்ப்பு நடந்தது. ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் ஞாயிறு திறந்தது 2024 நவம்பரில். அதனால் சனிக்கிழமை மாலைக்குள் பெட்ரோலும் சாப்பாடும் வாங்கிவிடுங்கள்.

அந்தத் தேவாலயத்தில் நடக்கிற காலிக் வழிபாட்டில் பைபிளின் சங்கீதங்களைப் பாடுவார்கள். வாத்தியம் எதுவும் கிடையாது. முன்பாட்டுக்காரர் ஒருவர் ஒரு வரியை எடுத்துக்கொடுப்பார். அது முடிவதற்குள் சபை முழுவதும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சேர்ந்திசை மாதிரி ஒன்றாக இல்லை. ஒவ்வொருவரும் அதே மெட்டைத் தன் வேகத்தில், தன் கமகத்தோடு இழுத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். கண்ணை மூடினால் அலை உள்ளே வந்து திரும்புவது போலிருக்கும். முதல் முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்பிக்கை உள்ளவனா என்று யாரும் கேட்கவில்லை. அடக்கமான உடையில், நேரத்துக்கு முன்பே போய், பின் வரிசையில் உட்காருங்கள். கைபேசியை எடுக்காதீர்கள், பதிவு செய்யவே கூடாது. எந்தத் தேவாலயத்தில் எந்த நேரம் காலிக் வழிபாடு என்பதைத் தங்கும் வீட்டிலேயே விசாரித்துக்கொள்ளலாம், எல்லா வாரமும் எல்லா இடத்திலும் இல்லை.

இரண்டு, ஊர் வரலாற்றுச் சங்கம். கிட்டத்தட்ட ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒன்று இருக்கிறது. லூயிஸின் வட கோடியான நெஸ்ஸில் 1977-இல் தொடங்கியது. பழைய பள்ளிக்கூடத்தில் சின்ன அருங்காட்சியகம், தேநீர்க் கடை, சுவர் நிறைய குடும்ப மரங்கள். ஊர்ப் பெரியவர்கள் மதியம் சூப்பும் ஸ்கோனும் சாப்பிட வருவார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து உங்கள் தேநீரைக் குடியுங்கள், பேச்சு தானாக ஓடும். தீவில் பாதிப் பேர் மெக்லியோட், மாரிசன், மெக்டொனால்ட். அதனால் ஆளை அடையாளம் சொல்வது தந்தை பெயர், தாத்தா பெயர், பட்டப்பெயர் கொண்டுதான். இளையவரைப் பார்த்து வயதானவர் கேட்கும் பழைய கேள்வி 'நீ யாரென்று' அல்ல, 'நீ யாருடையவன்' என்பது. நம் கிராமத்துப் பாட்டி 'யார் வீட்டுப் புள்ள நீ?' என்பதேதான்.

மூன்று, தறிக் கொட்டகை. ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1993-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டது: புதுக் கம்பளி வெளி ஹெப்ரிடீஸிலேயே சாயமேற்றப்பட்டு, நூற்கப்பட்டு, அங்கு வாழ்பவர்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்து, அங்கேயே பதப்படுத்தப்பட வேண்டும். 'வீட்டில்' என்ற அந்த ஒரு சொல்லால்தான் இன்றும் நெசவு தொழிற்சாலைக்குள் போகாமல் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் நடக்கிறது. மின்சாரம் இல்லை, சைக்கிள் போல மிதித்து ஓட்டுகிற தறி. பார்க்கலாம் என்று பலகை வைத்திருக்கும் கொட்டகைகளுக்குள் மட்டும் போங்கள். நெசவாளர் கைவேலையைப் பார்த்தபடியே பேசுவார். நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால், அந்த ஐந்து நிமிடம் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அந்தக் காலத்தில் நெய்த துணியைச் சுருக்கி இறுக்க, புளித்த சிறுநீரில் நனைத்து, பெண்கள் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடியபடி அடிப்பார்கள். வேலை போய்விட்டது, பாட்டு மேடைக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர் நடவுப்பாட்டுக்கும் அதே கதிதான்.

தமிழ் தெரிந்த உங்களுக்கு இந்த மொழியில் சில இடங்கள் பழகிய மாதிரி இருக்கும். உறவெல்லாம் ஒன்றும் இல்லை, தற்செயல். 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதற்கு ஆங்கிலத்தில் தனி வினை உண்டு, காலிக்கில் இல்லை. 'இருக்கிறது, புத்தகம், என்னிடம்' என்பார்கள். பசியையும் 'எனக்கு' என்று சொல்வது போல 'பசி என் மேல் இருக்கிறது' என்பார்கள். ஆமாம், இல்லை என்று தனிச்சொற்கள் கிடையாது. கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும், 'வந்தாச்சா?' என்றால் நாம் 'வந்தாச்சு' என்பது மாதிரி. நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு. பெரியவர்களுக்கு நன்றி சொல்ல 'தாப்பா லேவ்', உங்கள் மகள் வயதுக் குழந்தைக்கு 'தாப்பா லெட்'. மாற்றிச் சொன்னால் நம் ஊரில் தாத்தாவை நீ என்றது போல. வினை மட்டும் வாக்கியத்தின் தலையில் வந்து நிற்கும், அங்கே நமக்குத் தலை சுற்றும். உங்கள் மகளுக்கு இந்த நாலைந்து வாக்கியங்களைக் கற்றுக்கொடுங்கள். பெரியவர்கள் நம்மிடம் கூச்சப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறுவார்கள், குழந்தை திக்கித் திக்கிச் சொன்னால் நின்று திருத்துவார்கள்.

இனி பார்க்க வேண்டியவை. லூயிஸில் காலனிஷ் என்ற இடத்தில் நட்டு வைத்த பெருங்கற்களை எல்லா வழிகாட்டியும் சொல்லும், நானும் சொல்கிறேன்: சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. ஜூனில் இருட்டுவதே தாமதமாக, இரவு பத்தரைக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. ஆர்னோலில் பழைய கறுப்பு வீடு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள், நடுவில் பீட் என்ற காய்ந்த சதுப்பு மண்கட்டி புகைந்துகொண்டே இருக்கும். புகைபோக்கி கிடையாது. ஐந்து நிமிடத்தில் கண் எரியும், சட்டையில் அந்த வாசனை நாலு நாள் இருக்கும். ஸ்டோர்னோவே கோட்டை அருங்காட்சியகத்தில் 1831-இல் லூயிஸின் மேற்குக் கரையில் கிடைத்த சதுரங்கக் காய்களில் ஆறு இருக்கின்றன. வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை, பெரும்பகுதி லண்டனில் இருக்கிறது.

ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு வெளியே ஹோம் என்ற முனை வரை கட்டாயம் நடந்து போங்கள். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய கடற்படை வீரர்களை ஏற்றி வந்த அயோலேர் என்ற கப்பல், 1919 புத்தாண்டு விடியற்காலை, வீட்டு விளக்குகள் தெரிகிற தூரத்தில் அந்தப் பாறைகளில் மோதியது. 201 பேர் இறந்தார்கள். வரவேற்கக் காத்திருந்த வீடுகளுக்குச் சவ வண்டிகள் போயின. அதன்பின் பல பத்தாண்டுகள் தீவில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அங்கே யாரிடமும் நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள்.

ஹாரிஸில் உங்கள் கேமராவுக்கு வேலை. மேற்குக் கரையில் லஸ்கன்டயர் கடற்கரை: வெள்ளை மணல், பச்சை நீலத் தண்ணீர். படத்தைப் பார்த்தால் வெப்ப மண்டலம் என்று நினைப்பீர்கள், கால் வைத்தால் எலும்பு வரை குளிரும். ஆனால் அங்கேயே திரும்பிவிடாமல் கிழக்குக் கரைக்கும் ஓட்டிப் போங்கள். அது வெறும் பாறை, நிலா மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் மேற்கின் நல்ல நிலத்தை ஆட்டுப் பண்ணையாக்கி மக்களை விரட்டியபோது, கப்பலேறாதவர்கள் வந்து ஒதுங்கிய இடம் இது. பாறை இடுக்கில் கடற்பாசியும் மண்ணும் சுமந்து வந்து கொட்டி, மேட்டுப் பாத்தி கட்டி உருளைக்கிழங்கு நட்டார்கள். அந்தப் பாத்திக் கோடுகள் இன்றும் தெரியும். செத்தவரைப் புதைக்கக்கூட அங்கே ஆழமான மண் கிடையாது, சவப்பெட்டியை மலை தாண்டி மேற்குக் கரைக்குத் தூக்கிப் போனார்கள். அந்தப் பாதையில் இப்போது சுற்றுலாப் பயணிகள் நடக்கிறார்கள். லஸ்கன்டயர் ஆளில்லாமல் அவ்வளவு அமைதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அண்மைக் காலத்தில் காற்று மாறியிருக்கிறது: தென் யூயிஸ்ட் பண்ணை நிலம் முழுவதையும் 2006-இல் ஊர் மக்களே சேர்ந்து வாங்கிவிட்டார்கள்.

ஹாரிஸின் தெற்கே உள்ள லெவர்பர்க்கிலிருந்து, வட யூயிஸ்டை ஒட்டிய பெர்னரே போகும் ஒரு மணி நேரக் கப்பல், பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும், மேல்தளத்தில் நில்லுங்கள். அந்தப் பக்கம் மச்சர் என்ற நிலம்: சிப்பி மணல் காற்றில் படிந்து உண்டான புல்வெளி, ஜூன் கடைசியில் பூவாகக் கொட்டிக் கிடக்கும். கார்ன்கிரேக் என்ற பறவையைக் கேட்பீர்கள், பார்க்க மாட்டீர்கள். சீப்பின் பல்லைக் கட்டையால் இழுத்தது போல இரவெல்லாம் 'கிரெக்ஸ் கிரெக்ஸ்'. தெற்கே போகப் போக ஊர்கள் கத்தோலிக்கமாகிவிடும், சாலையோரம் மாதா சொரூபங்கள், ஞாயிறன்றும் கொஞ்சம் கலகலப்பு. பாட்டும் ஆட்டமுமாக நடக்கும் 'கேலி' என்ற கூட்டம், அங்கே மேடை நிகழ்ச்சியாகும் முன் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் மாலையில் போய் உட்காருவது. சொல்லுக்கே அதுதான் அர்த்தம். (பாருங்கள், கேலி மறுபடியும் வந்துவிட்டது.) ஊர் மண்டபத்தில் நடக்கும் கேலிக்கு அறிவிப்பு ஒட்டியிருந்தால் தயங்காமல் போங்கள், ஆடத் தெரியாது என்று சொன்னால் விட மாட்டார்கள்.

பாராவை இந்த முறை விட்டுவிடுங்கள். கடற்கரை மணலில் விமானம் இறங்குகிற, அலை நேரத்தைப் பார்த்து அட்டவணை போடுகிற இடம், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு நாள் தனியாக வேண்டும், நீங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

சாப்பாடு: நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. சைவமென்றால் சமையலறை உள்ள வீடாக எடுங்கள், மாலை ஏழுக்குப் பிறகு கிராமங்களில் எதுவும் கிடைக்காது. ஊரின் பெருமை மராக் என்ற இரத்தப் புட்டு, காலைத் தட்டில் கறுப்பு வட்டமாக வரும், முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டோர்னோவேயில் மசாலா சாப்பாடு கிடைக்கும். நூறாண்டுக்கு முன் வீடு வீடாகத் துணி விற்க வந்த பஞ்சாப் பகுதிக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். வியாபாரத்துக்காகக் காலிக் கற்றுக்கொண்டவர்கள். 2018-இல் ஒரு சின்ன மசூதியும் திறந்தார்கள்.

சாலைகள் பெரும்பாலும் ஒற்றைத் தடம், அங்கங்கே ஒதுங்க இடம் விட்டிருக்கும். ஒதுங்கி வழிவிட்டவருக்கு ஒரு விரலையாவது ஸ்டியரிங்கிலிருந்து தூக்கிக் காட்டுங்கள். பின்னால் வருபவர் மருத்துவமனைக்கோ ஆட்டைத் தேடியோ போகிறவராக இருக்கலாம், படம் எடுக்க நடுச்சாலையில் நிறுத்தாதீர்கள். மழைக்கோட்டு நால்வருக்கும் வேண்டும் என்று எழுத வந்தேன், நீங்கள் மூவர்தான். ஆனாலும் ஒன்று அதிகமாக எடுத்து வாருங்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்.